கவுன்சில் ஹாலில் நமக்காக யார் பேசினார்கள்?

(கட்கியில் நடந்த சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஷிப்ட் முடித்து வீட்டுக்குக்கூடப் போகாமல் டிபன் டப்பாவோடு வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே!

சட்டமன்றம் என்று சொன்னால் நம் ஜனங்களுக்கு நினைவுக்கு வருவது இரண்டு இடம். ஒன்று சென்னைக் கோட்டை. இன்னொன்று பம்பாயில் நரிமன் பாயின்ட்டில் 1981இல் திறந்த விதான் பவன். இரண்டும் நமக்குத் தூரம். ஆனால் இந்தக் கட்கியிலிருந்து லோக்கல் பிடித்து பூனா ஸ்டேஷனில் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஒரு சட்டமன்றம் இருந்த இடம் வரும். கவுன்சில் ஹால் என்று ஆட்டோக்காரனுக்குக்கூடத் தெரியும். எத்தனையோ முறை அந்த வழியாகப் போயிருக்கிறோம். உள்ளே என்ன நடந்தது என்று நாம் கேட்டதில்லை. அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

வெள்ளைக்காரன் ஆட்சியில் பம்பாய் மாகாண கவர்னர் மழைக்காலம் வந்தால் பூனாவுக்குக் குடிவந்துவிடுவார். பம்பாய் மழையும் புழுக்கமும் அவர் உடம்புக்கு ஆகாது. நம் கட்கிக்கு அடுத்த கணேஷ்கிண்டில் இன்று பல்கலைக்கழகம் இருக்கிறதே, அதுதான் அவர் மாளிகை. கவர்னர் வந்தால் சர்க்கார் வரும், சர்க்கார் வந்தால் சட்டசபையும் வரும். அதற்காக 1870இல் எழுந்த கட்டடம்தான் கவுன்சில் ஹால். நம் பாட்டன்மார் பட்டாளத்தோடும் வெடிமருந்துத் தொழிற்சாலையோடும் ரயிலோடும் 'கிர்க்கி'க்கு வந்து சேர்ந்ததும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான். கட்கித் தொழிற்சாலை தொடங்கியது 1869. ஆக, கவுன்சில் ஹாலும் நாமும் ஒரே வயது. பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தோம். ஆனால் கதவு நமக்குத் திறக்க எத்தனை காலம் ஆயிற்று?

முதலில் அந்தச் சபை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். 1857இல் சூடு பட்ட வெள்ளைக்காரன், இந்த நாட்டு மனிதர் சிலரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளாமல் ஆள முடியாது என்று கண்டுகொண்டான். 1861இல் லண்டனில் சட்டம் போட்டு, பம்பாய்க்கும் சென்னைக்கும் சட்டசபை கொடுத்தான். உறுப்பினரைப் பொறுக்கி எடுப்பது கவர்னர். பம்பாயில் அப்படி முதலில் உட்கார்ந்த இந்தியர்களில் ஒருவர் ஜகந்நாத் சங்கர்சேட். ரயில்வேக்காரர்களுக்கு ஒரு செய்தி: 1853இல் போரிபந்தரிலிருந்து தானாவுக்கு முதல் ரயிலை ஓட்டிய ஜி.ஐ.பி. கம்பெனிக்கு இயக்குநராக இருந்தவரும் இவரே. பெரிய மனிதர், பள்ளிக்கூடங்களுக்கு வாரிக் கொடுத்தவர், சந்தேகமில்லை. ஆனால் தண்டவாளம் போட்டவன் சார்பில் பேச அங்கே ஒருவருமில்லை.

1892இல் இன்னொரு சட்டம் வந்தது. நகரசபை, ஜில்லா போர்டு, சர்வகலாசாலை, ஜமீன்தார் கூட்டம் இவர்கள் பெயர் சொல்லலாம், கவர்னர் ஏற்றுக்கொள்வார். அந்த வழியில்தான் பூனாவின் திலகர் 1895இலும், கோகலே 1899இலும் உள்ளே போனார்கள். பேசினார்கள், நன்றாகவே பேசினார்கள். ஆனால் ஓட்டுப் போட்டு எதையும் நிறுத்தும் பலம் அவர்களுக்கு இல்லை.

1919 சட்டம் வந்த பிறகுதான் 'ஓட்டர்' என்ற மனிதன் பிறந்தான். அவன் யார்? நிலத்தீர்வை கட்டுகிறவன், இத்தனை ரூபாய்க்கு மேல் வீட்டு வாடகை உள்ளவன், வருமான வரி கட்டுகிறவன். பென்ஷன் வாங்கும் பட்டாளக்காரனுக்கும் ஓட்டு உண்டு, அதனால் நம் கூட்டத்தில் இரண்டொருவருக்கு அன்று வாய்ப்பு இருந்திருக்கலாம். கூலிக்காரனுக்கு இல்லை. சேரிக்காரனுக்கு இல்லை. பெண்களுக்கு 1921இல் சென்னை முதலில் வழி திறந்தது, பம்பாயும் அதே ஆண்டில் பின்தொடர்ந்தது. ஆனால் அதற்கும் சொத்து வேண்டும். நம் தாய்மார்களிடம் என்ன சொத்து இருந்தது? இடுப்பில் ஒரு பிள்ளை, தலையில் ஒரு கூடை!

சரி, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு என்ன செய்தான்? 'நியமனம்' என்று ஒன்று வைத்தான். பம்பாய்ச் சபையில் நூற்றுக்கு மேற்பட்ட உறுப்பினர்கள். அதில் தீண்டப்படாதார் என்று ஒதுக்கிய லட்சக்கணக்கான மக்களுக்காக ஒரே ஓர் ஆள், ஞானதேவ் கோலப். பிறகு இரண்டு பேர் ஆனார்கள். 1927இல் அந்த இரண்டு இடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் டாக்டர் சோலங்கி ஒருவர், டாக்டர் அம்பேத்கர் ஒருவர். சென்னையில் எம்.சி. ராஜா, பிறகு 1923இல் இரட்டைமலை சீனிவாசன். இந்த இரட்டைமலையார் நம்மைப் போலவே பிழைக்கக் கடல் தாண்டிப் போனவர். தென்னாப்பிரிக்காவில் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்து, திரும்பி வந்து, சட்டசபைக்குள் நுழைந்தவர்.

இந்த நியமன உறுப்பினர்களைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசுகிறார்கள். கவர்னர் கொடுத்த நாற்காலிதானே என்று ஏளனம் செய்வோர் உண்டு. அந்த ஏளனம் நியாயமில்லை என்பது எங்கள் கருத்து. என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

1922இல் சென்னையில் எம்.சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பேரில், சர்க்கார் காகிதங்களில் பறையர், பஞ்சமர் என்று எழுதிவந்ததை எடுத்து 'ஆதிதிராவிடர்' என்று எழுத உத்தரவாயிற்று. பெயர் மாறினால் வயிறு நிறையுமா என்று கேட்கலாம். ஆபீசில் பெயர் எழுதும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். ஒரு மனிதனின் பெயரை எப்படி எழுதுகிறார்களோ, அப்படித்தான் அவனைக் கூப்பிடுவார்கள். அப்படித்தான் நடத்துவார்கள்.

1923 ஆகஸ்டில் பம்பாய்ச் சபையில் எஸ்.கே. போலே என்ற சீர்திருத்தக்காரர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுப் பணத்தில் கட்டிய குளம், கிணறு, சத்திரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோர்ட் எல்லாவற்றையும் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்பது அந்தத் தீர்மானம். நிறைவேறியது. அடுத்த ஆண்டே, 1924 ஆகஸ்டில், சென்னைச் சபையில் இரட்டைமலை சீனிவாசன் அதே போன்ற தீர்மானம் கொண்டுவந்தார். எந்தப் பொதுச் சாலையிலும் எந்த வகுப்பாரும் நடக்கலாம், பொதுக் கிணற்றுக்கும் குளத்துக்கும் ஆபீசுக்கும் போகலாம் என்று 1925இல் அரசிதழில் வந்தது. பம்பாய்க்கும் சென்னைக்கும் நடுவே ரயிலில் ஏறக்குறைய எண்ணூறு மைல். தாகம் ஒன்றுதான்!

தீர்மானம் நிறைவேறிவிட்டது, தண்ணீர் கிடைத்ததா? இங்கேதான் கவனிக்க வேண்டும். மகாட் என்ற ஊர் இங்கிருந்து மலை இறங்கினால் கொங்கணத்தில் இருக்கிறது. அந்த ஊர் நகரசபை 1924இல் சவுதார் குளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் எழுதியது. எழுதியதோடு சரி. ஒருவரும் போய்க் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20ஆம் தேதி அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்துபோய் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். அடி விழுந்தது. குளம் தீட்டாகிவிட்டதென்று குடங்குடமாகச் சாணியும் கோமியமும் கரைத்து ஊற்றினார்கள். அதே ஆண்டில் நகரசபை தன் தீர்மானத்தையே வாபஸ் வாங்கிக்கொண்டது. வழக்கு பம்பாய் ஹைகோர்ட் வரை போய் 1937இல்தான் தீர்ந்தது. சபையில் கை தூக்கியது 1923, கோர்ட் தீர்ப்பு 1937. பதினாலு வருஷம், தோழர்களே! ராமனுக்கு வனவாசம் அவ்வளவுதான்.

நியமன நாற்காலியின் எல்லை எது என்பதற்கும் ஒரு சாட்சி சொல்கிறோம். மராட்டியக் கிராமங்களில் மகார் மக்களுக்கு 'வதன்' என்று ஒரு விலங்கு. துண்டு நிலம் கொடுத்து, ராப்பகல் என்று பாராமல் சர்க்கார் வேலையும் ஊர் வேலையும் வாங்குவது. நம் ஊரில் வெட்டியான், தோட்டி வேலையைப் பரம்பரையாகத் தலையில் கட்டினார்களே, அதன் அண்ணன். இதை மாற்ற 1928இல் அம்பேத்கர் மசோதா கொண்டுவந்தார். கமிட்டிக்கு அனுப்பினார்கள். அங்கே அதன் கையைக் காலை ஒடித்தார்கள். 1929இல் அவரே வாபஸ் வாங்கினார். பின்னால் நிற்க ஆள் இல்லை, எண்ணிக்கை இல்லை. அந்த வதன்களை ஒழிக்கும் சட்டம் 1958இல்தான் வந்தது. ஒரு மனிதர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும், எவ்வளவு வாதாடினாலும், ஓட்டெடுப்பில் அவர் ஓர் ஆள்தான்.

தாய்மார்களுக்காக ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. 1928இல் இதே பம்பாய்ச் சபையில் ஆலையில் வேலை செய்யும் பெண்களுக்குப் பிரசவகாலச் சம்பளம் தரும் மசோதா வந்தது. முதலாளிகள் சார்பில் எதிர்ப்பு. பெண்ணுக்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ஓய்வு வேண்டும், அது நாட்டுக்கே நன்மை, ஆகவே செலவில் சர்க்காருக்கும் பங்கு உண்டு, ஆனால் அவள் உழைப்பில் லாபம் எடுத்தவன் அதிலிருந்து தப்ப முடியாது என்று வாதாடினார் அம்பேத்கர். 1929இல் சட்டமாயிற்று. பிறகுதான் சென்னையும் அப்படி ஒரு சட்டம் செய்தது. இன்று நம் பெண்கள் பிரசவ லீவுக்கு மனு எழுதும்போது, மழைக்காலப் பேச்சு ஒன்று அதற்குப் பின்னால் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

இப்போது நதிக்கு அந்தக் கரைக்குப் போவோம். ஏரவாடா ஜெயில். முளா நதிக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அது. 1932 ஆகஸ்டில் லண்டன் சர்க்கார், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு மாகாணச் சபைகளில் தனித் தொகுதியாக 71 இடம் என்று அறிவித்தது. அவர்களே ஓட்டுப் போட்டு அவர்களே ஆள் அனுப்பலாம். அதை எதிர்த்துக் காந்தியார் செப்டம்பர் 20ஆம் தேதி ஏரவாடாவுக்குள் உண்ணாவிரதம் தொடங்கினார். நாடே பதறியது. நாலே நாள். 24ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனித் தொகுதி போயிற்று. இடம் 71 என்பது 148 ஆயிற்று. சென்னைக்கு 18ஆக இருந்தது 30. பம்பாய்க்கு 10ஆக இருந்தது 15.

அந்தக் காகிதத்தில் யார் யார் கையெழுத்து என்று பார்த்தால் நமக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. எம்.சி. ராஜா இருக்கிறார். இரட்டைமலை சீனிவாசன் இருக்கிறார். ராஜகோபாலாச்சாரியார் இருக்கிறார். ராஜாவும் இரட்டைமலையாரும் ஒரே கட்சியல்ல. இரட்டைமலையார் வட்டமேஜை மாநாட்டில் அம்பேத்கரோடு நின்று தனி ஏற்பாடு கேட்டவர். ராஜா கூட்டுத் தொகுதியே போதும் என்று அந்த ஆண்டு தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டவர். எதிரும் புதிருமான இரண்டு தமிழர் இந்தப் பூனாவின் பெயரால் வழங்கும் ஒரு காகிதத்தில் அடுத்தடுத்துக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரன், 'மதராஸி' என்று நம்மைக் கூப்பிடுகிறவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம். இந்த ஊரின் சரித்திரத்தில் நம் கையெழுத்தும் இருக்கிறது.

ஒப்பந்தம் நல்லதா கெட்டதா? இந்தக் கூட்டத்திலேயே இரண்டு அபிப்பிராயம் இருக்கும், இருக்கட்டும். எங்களுக்குத் தோன்றுவது இது: இடம் இரண்டு மடங்கு ஆனது உண்மை. ஆனால் அந்த இடத்துக்கு யார் வருவது என்று தீர்மானிக்கும் ஓட்டில் பெரும்பகுதி மற்றவர் கையில் போய்விட்டதும் உண்மை. இடம் கிடைப்பது வேறு, ஆள் நம் ஆளாக இருப்பது வேறு.

1935 சட்டத்தின்படி 1937இல் தேர்தல் வந்தது. நாடு முழுவதும் ஏறத்தாழ 3 கோடி பேருக்கு ஓட்டு. பம்பாய் அசெம்பிளியில் 175 இடம். அதில் தொழிலாளர் தொகுதி 7. அம்பேத்கர் 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சி தொடங்கி 17 பேரை நிறுத்தினார், 14 பேர் வென்றார்கள். பம்பாயில் அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்தியது யாரை? பல்வங்கர் பாலு என்ற புகழ்பெற்ற கிரிக்கெட் வீரரை. பூனா வெள்ளைக்காரர் கிளப்பில் மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்து, அவர்களுக்குப் பந்து போட்டுப் போட்டுப் பெரிய பந்துவீச்சாளர் ஆனவர். அவரும் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்ட வகுப்பு, அவரும் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். இரண்டாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். அந்த நாளில் அப்படி இரண்டு பேர் ஓர் இடத்துக்குப் போட்டியிட்டார்கள் என்பதே பெரிய விஷயம்.

அந்த அசெம்பிளி முதல் முதலாகக் கூடியது எங்கே? 1937 ஜூலை 19, நம் கவுன்சில் ஹாலில்! பி.ஜி. கேர் பிரதம மந்திரி. இரண்டு நாள் கழித்து மவுலங்கர் சபாநாயகர் ஆனார். அதே பூனா கூட்டத்தொடரில் செப்டம்பர் 17ஆம் தேதி கொங்கணத்துக் கோத்தி முறையை ஒழிக்க அம்பேத்கர் மசோதா வைத்தார். கோத் என்றால் குடியானவனுக்கும் சர்க்காருக்கும் நடுவில் உட்கார்ந்து கொண்டு உறிஞ்சுகிறவன். 1938 ஜனவரியில் பம்பாயில் சபை கூடியபோது விவசாயிகள் ஆயிரமாயிரமாக ஊர்வலம் வந்தார்கள். அப்படியும் மசோதா நிறைவேறவில்லை. 1949இல்தான் சட்டம் வந்தது. ஆனால் இந்த முறை பாருங்கள், சபைக்குள் 14 பேர், வெளியே ஊர்வலம். 1928இன் தனிமை இல்லை.

1938 பிப்ரவரியில் மன்மாடில் ஜி.ஐ.பி. ரயில்வேயின் ஒடுக்கப்பட்ட தொழிலாளர் மாநாடு. அம்பேத்கர் தலைமை. அங்கே அவர் எடுத்துச் சொன்ன ஒரு சின்ன விஷயம் ரயில்வேக்காரர்கள் நெஞ்சைத் தொடும். தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவனுக்கு காங்மேன் வேலை கிடைக்கும், போர்ட்டர் வேலை கிடைக்காது. ஏன்? போர்ட்டர் என்றால் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டில் தண்ணீர் எடுக்க வேண்டும், சமையலுக்கு உதவ வேண்டும், சம்பளமில்லாத வேலைக்காரனாக இருக்க வேண்டும். தீட்டுக்காரனை வீட்டுக்குள் விட முடியாதே! தொழிலாளிக்கு எதிரி முதலாளித்துவம் ஒன்று, பார்ப்பனியம் ஒன்று என்று அந்த மேடையில்தான் பேசினார். சங்கம் மட்டும் போதாது, சட்டசபையிலும் நம் ஆள் வேண்டும் என்றார். அதே ஆண்டு வேலைநிறுத்த உரிமையை நெரிக்கும் தொழில் தகராறு மசோதா வந்தபோது சபைக்குள் எதிர்த்தார். நவம்பர் 7ஆம் தேதி வெளியே வேலைநிறுத்தமும் நடந்தது. மசோதா நிறைவேறத்தான் செய்தது. ஆனால் பேசாமல் நிறைவேறவில்லை.

பிறகு சுதந்திரம், அரசியல் சட்டம். சொத்து வேண்டாம், படிப்பு வேண்டாம், வயது வந்தால் ஓட்டு. 1951-52 தேர்தலில் 17 கோடிக்கு மேற்பட்டவர்கள் பட்டியலில் ஏறினார்கள். அப்போது ஒரு வேதனை நடந்தது. வடக்கே பல இடங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே எழுதச் சொன்னார்கள். ஏறக்குறைய 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து போயிற்று. அரசியல் சட்டம் கொடுத்தது, பட்டியல் பறித்தது.

தோழர்களே, இவ்வளவையும் ஏன் சொன்னோம்? இன்று நம் பெயர் எங்கே இருக்கிறது?

நம்மில் பாதிப் பேருக்கு ஓட்டு ஊரில் இருக்கிறது. இருபது வருஷம், முப்பது வருஷம் கட்கியில் இருக்கிறோம். பிள்ளைகள் இங்கே மராத்தி படித்து வளர்ந்துவிட்டார்கள். ஓட்டு மட்டும் வேலூர்ப் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ ஒரு கிராமத்துப் பட்டியலில் தூங்குகிறது. தேர்தலுக்கு ஊர் போகிறோமா? லீவு கிடைத்தால், டிக்கெட் கிடைத்தால். போகாத வருஷம் அந்த ஓட்டு யாருக்கும் இல்லை. இங்கே குழாயில் தண்ணீர் வராவிட்டால், சாக்கடை அடைத்தால், குடிசையை இடிக்க நோட்டீஸ் வந்தால் கிராமத்து எம்.எல்.ஏ.விடமா போய்ச் சொல்வது? நாம் சிவாஜிநகர் தொகுதி. அந்தத் தொகுதியில் ஓட்டுக் கேட்டு வருகிறவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார். பெயர் இல்லாத கதவை அவர் தட்ட மாட்டார். அவர்மேல் கோபித்து என்ன பயன்?

ஊர் ஓட்டை விட்டால் உறவு விட்டுப்போகும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். மரியாதையோடு சொல்கிறோம், ஐயா, உறவு பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் இருக்கிறது. ஊர்ப் பட்டியலில் பெயர் இருப்பதால் அது நிலைப்பதில்லை. ஊரில் வீடு நிலம் இருக்கிறது என்பதற்காக அங்கே ஓட்டு வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தரவில்லை. 1950 சட்டம் சொல்வது, ஒருவர் சாதாரணமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் பதிய வேண்டும், இரண்டு இடத்தில் கூடாது. சொந்த வீடு தேவையில்லை, வாடகை வீடு போதும், குடிசை போதும்.

பம்பாயில் சயான் கோலிவாடா தொகுதியில் 2014இல் ஆர். தமிழ்ச்செல்வன் என்ற தமிழர் சட்டமன்றத்துக்குப் போனார். 2019இலும் 2024இலும் திரும்ப வென்றார். அவர் கட்சி நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம், அது வேறு பேச்சு. அங்கே தமிழர் பெயர் பட்டியலில் இருந்தது, ஆகவே ஒரு கட்சிக்குத் தமிழரை நிறுத்தத் தோன்றியது. அவ்வளவுதான் கணக்கு.

கண்டோன்மென்ட் விஷயம் இன்னும் மோசம். கட்கி கண்டோன்மென்ட் போர்டுக்கு நாம் கடைசியாக ஓட்டுப் போட்டது 2015 ஜனவரியில். தேர்ந்தெடுத்த உறுப்பினர்களின் காலம் 2021இல் முடிந்தது. 2023 ஏப்ரல் 30இல் தேர்தல் என்று நாடு முழுவதும் 57 கண்டோன்மென்ட்டுகளுக்கு அறிவித்தார்கள். மார்ச்சில் ரத்து செய்தார்கள். குடிமக்கள் பகுதியை நகராட்சியோடு சேர்க்கப்போகிறோம் என்பது காரணம். சேர்க்கட்டும், சேர்க்காமல் போகட்டும். நடுவில் நமக்காகக் கேட்பது யார்? 1921இல் கோலப் உட்கார்ந்த நியமன நாற்காலிக்கு நூறு வருஷம் கழித்து நம்மைத் திருப்பி அழைத்துப் போகிறார்கள். நாளைக்கு எந்த அமைப்பின் கீழ் தேர்தல் வந்தாலும் பட்டியலில் பெயர் இருந்தால்தான் வார்டு கணக்கில் நாம் வருவோம்.

இனி வேலை. பெயர் விஷயத்தில் நமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இங்கே 'ஆட்நாவ்' கேட்பார்கள். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அப்பா பெயரை எழுதினால் அதையே ஆட்நாவ் ஆக்கி, மனைவிக்கு மாமனார் பெயர், பிள்ளைக்குத் தாத்தா பெயர் என்று ஒரு வீட்டில் நாலு பேருக்கு நாலு விதமாக எழுதிவிடுகிறார்கள். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்து மாறாமல் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை அங்கேயே நின்று சரிபார்த்து வாங்குங்கள். மராத்தியில் எழுதியதைப் படிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூடவே அழைத்து வாருங்கள்.

இதுவரை எங்குமே பதியாதவர்களுக்கு ஆறாம் நம்பர் பாரம். ஊர்ப் பட்டியலிலிருந்து இங்கே மாற்றவும், பிழை திருத்தவும் எட்டாம் நம்பர் பாரம். பதினெட்டு வயது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாத முதல் தேதிகளில் எதில் முடிந்திருந்தாலும் சேர்க்கலாம், வருஷம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. மருமகளாக வந்த பெண்கள் பெயர்தான் அதிகம் விடுபட்டிருக்கிறது. அவர்களை முதலில் அழைத்து வாருங்கள்.

வரும் நான்கு ஞாயிறும் காலை ஒன்பது மணி முதல் சங்க அறையில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். ஆதார் நகல், லைட் பில் அல்லது வாடகைச் சீட்டு, போட்டோ ஒன்று. ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு அலாட்மென்ட் ஆர்டர் நகல். பாரம் நிரப்பக் கூலி கிடையாது. நைட் டூட்டி பார்த்து வருகிறவர்கள் வரிசையில் நிற்க வேண்டாம், நேரே உள்ளே வந்துவிடுங்கள். டீ உண்டு.